வெயில் காலத்தில் வரும் கோபமும் மயக்கமும்

கேள்வி: டாக்டர், நாங்கள் யாங்கூனில் வசிக்கிறோம். என் கணவருக்கு 54 வயது. கடைத்தெருவில் மூட்டை இறக்கும் வேலை பார்க்கிறார். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார், அதில் ஒன்று நீர் மாத்திரை. மற்ற மாதங்களில் சாந்தமாக இருப்பவர், மார்ச் பிறந்துவிட்டால் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். இரவில் தூக்கமே இல்லை. திஞ்சான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் மதியம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மகள் பெயரை மாற்றிச் சொன்னார், சம்பந்தமில்லாமல் பேசினார். கூட இருந்தவர்கள் பாராசிட்டமால் கொடுத்து, தலையில் எண்ணெய் தேய்த்து நிழலில் படுக்க வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். சூடு தலைக்கேறிவிட்டது என்கிறார் மாமியார். இது மனநோயின் ஆரம்பம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். 16 வயது மகளோ கறுத்துவிடுவோம் என்று பயந்து நாள் முழுக்கத் திரைச்சீலையை மூடிக்கொண்டு அறைக்குள்ளேயே கிடக்கிறாள். விடிய விடிய விழித்திருந்து பகலில் தூங்குகிறாள், எப்போதும் வாட்டமாக இருக்கிறாள். வெயில் உடம்புக்கு நல்லதா, கெட்டதா?

பதில்: சகோதரி, அன்று மதியம் நடந்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். வெயிலில் வேலை செய்தவர் தலைசுற்றி உட்கார்ந்தால் அது களைப்பாக இருக்கலாம். பேச்சு குழறினால், ஆளை அடையாளம் தெரியாமல் போனால், சம்பந்தமில்லாமல் பேசினால், அதை வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்று எடுத்துக்கொண்டு உடனே உடம்பைக் குளிர்விக்க வேண்டும். உடலின் உள் வெப்பம் சாதாரணமாக 37 டிகிரி செல்சியஸ். அது 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாமே பாதிக்கப்படும். உங்கள் கணவர் தெளிந்து எழுந்தது பெரிய நிம்மதி. ஆனால் இன்னொரு முறை அப்படித் தானாகத் தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வியர்வை நின்று தோல் காய்ந்து போனால்தான் வெப்ப வாதம் என்று பலர் நினைக்கிறார்கள். வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே புழுங்கி விழும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் உழைக்கிற ஆள் விழும்போது உடம்பு முழுக்க வியர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் வியர்வையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர், இடம், கிழமை கேளுங்கள். பதில் தடுமாறினால் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கட்டும், மற்றவர்கள் தண்ணீரை எடுக்கட்டும்.

அந்த நேரத்தில் பாராசிட்டமால் பயன்படாது. காய்ச்சலில் மூளையே உடலின் வெப்பத்தை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைத் தணிக்கும். வெயிலில் ஏறுவது வெளியிலிருந்து வந்த சூடும் வேலையால் உண்டான சூடும். மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை, ஏற்கெனவே அடிபட்டிருக்கும் கல்லீரலுக்கு வீண் சுமைதான். எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம். தோலில் எண்ணெய் படிந்தால் வியர்வை ஆவியாவது குறையும், பொன்னான நேரமும் போகும். சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். அட்டையோ முறமோ, கையில் கிடைத்ததை வைத்து வேகமாக விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வையுங்கள். நம் ஊரில் வாசலுக்கு வாசல் திஞ்சானுக்கு வைத்த தண்ணீர் டிரம் இருக்கும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

கடிதத்தை மட்டும் வைத்து இது வெப்பத்தால் வந்ததுதான் என்று நான் முடிவு கட்ட முடியாது. சர்க்கரை இறங்கினாலும், ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்தாலும், மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைப்பட்டாலும் இதே மாதிரி பேச்சு குழறும். ஆகவே இந்த வாரமே அவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளை அப்படியே கையில் எடுத்துப் போங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மத்தியானத்தில் மூட்டை தூக்க விடாதீர்கள்.

மாத்திரை அட்டை ஏன் என்றால், வெயில் காலத்தில் சில மருந்துகள் உடம்பைக் காட்டிக்கொடுத்துவிடும். நீர் மாத்திரை தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. ஏற்கெனவே வியர்வையில் அவை இரண்டும் போய்க்கொண்டிருக்கின்றன. அட்டெனோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் இதயம் வேகமாகத் துடிப்பதைக் கட்டுப்படுத்துகின்றன, தோலுக்குப் போக வேண்டிய ரத்த ஓட்டமும் குறைகிறது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் சும்மா வாங்கிப் போடுகிற குளோர்பெனிரமைன் வியர்வையையே குறைத்துவிடும். மனநோய்க்குச் சாப்பிடும் சில மருந்துகளும் அப்படித்தான். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினால் அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் கூடி நஞ்சாகவே மாறலாம். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கோடை வந்துவிட்டது, நான் வெயிலில் வேலை செய்கிறேன், அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, இனி கோபத்துக்கு வருவோம். உங்கள் மாமியார் சொன்னதில் உண்மை இருக்கிறது, சகோதரி. காற்றின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தோலிலிருந்து சூடு தானாக வெளியே போகாது. அப்புறம் உடம்புக்கு இருக்கும் ஒரே வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடுமையாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூட வியர்க்கும். 60 கிலோ எடையுள்ளவர் 1.2 லிட்டர் நீரை இழந்துவிட்டால், எடையில் அது 2 சதவீதம். அந்த அளவிலேயே கவனம் சிதறும், மனம் எரிச்சலாகும், சின்ன வார்த்தையும் குத்தும். தாகம் எடுக்கும்போது குடிப்போம் என்று இருந்தால் தாமதமாகிவிடும், வயது கூடக் கூடத் தாக உணர்வும் மங்கும்.

2024 ஏப்ரல் 28 அன்று மியான்மரின் மக்வே பகுதியில் உள்ள சவுக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. அங்கெல்லாம் வறண்ட வெயில், வியர்வை சட்டென்று காய்ந்துவிடும், எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. யாங்கூனில் அவ்வளவு சூடு இல்லைதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. சொட்டுகிற வியர்வையால் உடம்பு குளிராது, நீரும் உப்பும்தான் நஷ்டம். 'அங்கே 45, இங்கே 38தானே' என்று யாங்கூன்காரர்கள் அலட்சியமாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கோபத்துக்கு இன்னொரு பெரிய காரணம் தூக்கம். தூக்கம் வருவதற்கு உடலின் உள் வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். பகல் முழுக்கக் காய்ந்த தகரக் கூரையின் கீழ், கரண்டும் இல்லாமல், அது எப்படி இறங்கும்? இரண்டு மாதம் அரைத் தூக்கத்தோடு மூட்டை தூக்குகிற மனிதர் எரிந்து விழுவதைக் குணக்கேடு என்று நினைக்காதீர்கள். மார்ச்சில் ஆரம்பித்து மழை இறங்கியதும் சரியாகிவிடுகிறது என்றால், மனநோய் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் தூக்கத்தையும் தண்ணீரையும் சரிசெய்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே மனச்சோர்வோ மனச்சிதைவோ உள்ளவர்களுக்குக் கடும் வெப்பத்தில் நோய் கூடுவது உண்மை, அந்த வீடுகளில் இந்த மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் கணவர் உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று எப்போதாவது சொன்னால், அது வெயில் காலமாக இருந்தாலும் மழைக் காலமாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இரவில் படுக்கப் போகும் முன் சாதாரணத் தண்ணீரில் குளிக்கட்டும். கைலியை நனைத்துப் பிழிந்து மேலே போர்த்திக்கொள்ளலாம். மாடி அறையை விட்டுக் கீழே தரையில் படுக்கலாம். அறைக்குள் 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் வெறும் ஃபேன் காற்று உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும், தோலை நனைத்துவிட்டு ஃபேன் போட்டால் பலன் கிடைக்கும். தூக்கம் வர ஒரு கிளாஸ் சாராயம் என்று இறங்கினால் சிறுநீர் கூடுதலாகப் போகும், பாதி ராத்திரியில் விழிப்பும் வரும்.

வேலையில் இருக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் தண்ணீர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று அர்த்தம். நிறைய வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக் குடிக்கலாம். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி எடுத்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம் இருப்பதால் இதைத் தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். மற்ற நாட்களில் உப்புக் குறைத்த நீர்மோர் நல்லது. டீக்கடைப் பால் டீ நீரை வற்ற வைத்துவிடாது, அதில் இருக்கும் சர்க்கரைதான் பிரச்சினை. பங்குனி, சித்திரையில் காவடிக்கும் தீமிதிக்கும் விரதம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாப்பாட்டை விடுங்கள், தண்ணீரை விடாதீர்கள்.

அவர் விழுந்தது விடுமுறை முடிந்த முதல் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், உப்பையும் குறைவாக இழக்கும். வேலையை விட்டு ஒரு வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் குறைய ஆரம்பித்துவிடும். அதனால் நீண்ட லீவு முடிந்து திரும்பும்போது முதல் நாள் பாதி வேலை, அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுவது என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். அதிகாலையில் தொடங்கிப் பதினோரு மணிக்குள் பாரமான வேலையை முடித்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து அக்னி நட்சத்திரத்தில்தான் கவனம் வேண்டும் என்று சிலர் இருக்கிறார்கள். யாங்கூனில் உச்ச வெயில் ஏப்ரலில் வந்துவிடும். மே மாதம் பாதியில் மேகம் கூடத் தொடங்கிவிடும்.

உங்கள் மகளுக்கு நான் சொல்லப்போவது வேறு. அப்பாவுக்குச் சூடு அதிகம், அவளுக்கு வெளிச்சம் போதவில்லை. நம் கண்ணுக்குள் பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, வெளிச்சத்தை அளந்து மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்கிற செல்களும் இருக்கின்றன. 2002 வாக்கில்தான் அது உறுதியானது. காலை வெளிச்சம் அந்தச் செல்களில் பட்டால்தான் இரவில் நேரத்துக்குத் தூக்கம் வரும், பகலில் மனம் தெளிவாக இருக்கும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; திரைச்சீலை மூடிய அறையில் 100 லக்ஸ் வெளிச்சம்கூட இருக்காது. வெளியே நிழலில் நின்றாலே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அவளை வெயிலில் நிற்கச் சொல்லவில்லை. காலை ஆறரை, ஏழு மணிக்கு வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் டீ குடிக்கட்டும், காலை உணவுக்கு மோஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) வாங்க அவளை அனுப்புங்கள். தூங்கப் போகும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

வைட்டமின் டி அந்த அதிகாலையில் அவ்வளவாகக் கிடைக்காது. சூரியன் தாழ இருக்கும்போது அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் குறைவு, ஜன்னல் கண்ணாடி வழியாகவும் அது வராது. யாங்கூனில் ஏப்ரல் மாதத்தில் காலை 9 மணி வாக்கில் நிழல் நம் உயர அளவுக்குச் சுருங்கும். அதையொட்டிய நேரத்தில் கை கால்களில் சில நிமிடம் வெயில் பட்டால் நல்லது. நம் நிறத்துக்கு வெள்ளைத் தோல்காரர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். நிழல் நம்மைவிடக் குட்டையான பிறகு குடையோ தொப்பியோ இல்லாமல் நீண்ட நேரம் நிற்கக் கூடாது. முகத்துக்குத் தனக்கா (மரப்பட்டையை அரைத்த சாந்து) பூசிக்கொள்ளட்டும், தோலுக்கு இதமானது, புற ஊதாக் கதிரையும் ஓரளவு தடுக்கும். மங்கு வராமலிருக்க அது மட்டும் போதாது. கறுப்பாவது பற்றிய பயத்தை அவள் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை, சுற்றியிருக்கும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி வந்தது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவாகிய நீங்கள் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் வாட்டம் மாறவில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை, தோழிகளோடும் பேசுவதில்லை என்றால், அவளையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவளிடம் தனியாகச் சிறிது நேரம் பேசச் சொல்லுங்கள்.