கொன்னவன் ஹீரோ, செத்தவர் வில்லனா?

கேள்வி: சார், எங்களுக்கு மேலூர் பக்கம் கிராமம். எங்க அண்ணனை வெட்டிக் கொன்னவன் ஆயுள் தண்டனையில ஜெயில்ல இருக்கான். இப்ப அவன் கதைய படமா எடுத்துட்டாங்க. டிரைலர்ல அவன்தான் ஹீரோ, பேரை மட்டும் மாத்தி எங்க அண்ணனை கந்துவட்டிக்காரனா காட்டுறாங்க. மதினி அழுதுக்கிட்டே இருக்காங்க. தடை வாங்க முடியுமா?

பதில்: தம்பி, கொலைகாரன் மேல பரிதாபம் வர்ற மாதிரி படம் எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லி தடை கேட்டா கிடைக்குறது கஷ்டம். தூக்கு தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் தன் கதைய பத்திரிகையில வெளியிடுற வழக்குல 1994லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, கோர்ட் ரெக்கார்டுல இருக்குறத யார் வேணா யாரையும் கேக்காம எழுதலாம்னு. ஆனா ரெக்கார்டைத் தாண்டி இஷ்டத்துக்கு எழுதுனா அதுக்கு பதில் சொல்லணும்னும் அதே தீர்ப்புல இருக்கு, உங்க வழி அதுதான்.

எனக்கு இந்தப் படங்க மேல கோவமே இங்கதான் வருது. அவன் ஏன் அருவாள் எடுத்தான்னு காட்டட்டும், வறுமை, சாதிக் கொடுமை எல்லாம் நெஜம்தான், ஆனா அவனை நல்லவனாக்குறதுக்காக செத்தவரை அயோக்கியனாக்குறாங்க பாருங்க, அவரு எந்திரிச்சு வந்து பதில் சொல்லவா போறாரு?

முதல்ல செசன்ஸ் கோர்ட் தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி எடுங்க. கந்துவட்டிக் கதைய கொன்னவன் தரப்பு அப்பவே சொல்லி ஜட்ஜ் அதை நம்பலைன்னு எழுதியிருந்தா, தீர்ப்புல அந்த ஒரு பக்கமே போதும் உங்களுக்கு.

வழக்கை மதினி பேர்ல போடுங்க. ஏன்னா ஜெயலலிதா வாழ்க்கைப் பட வழக்குல 2021ல சென்னை ஹைகோர்ட், செத்தவரோட பிரைவசியும் நற்பெயரும் வாரிசுக்கு வராதுன்னு சொல்லிருச்சு, அதனால அண்ணன் பேரு கெடுதுன்னு மட்டும் போனா நிக்காது. மதினி கேரக்டர் படத்துல இருந்தா அது அவங்க சொந்த உரிமை, உயிரோட இருக்குற உரிமை. பேரை மாத்திட்டோம்னு படம் எடுத்தவங்க சொல்லுவாங்க, ஊர்க்காரங்க பாத்தா யாருன்னு தெரியுதுல்ல, அதைச் சொல்ல சாட்சி வச்சுக்கங்க.

கிரிமினல் பக்கம் பிஎன்எஸ், அதாவது ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதோட 356வது பிரிவு. குடும்பத்தார் மனசைப் புண்படுத்துற நோக்கத்தோட செத்தவரை அவதூறு பண்ணுனாலும் குத்தம், ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. நோக்கத்தை நிரூபிக்குறதுதான் கஷ்டம், அதனால இப்பவே தீர்ப்பு காப்பியோட புரொடியூசருக்கு வக்கீல் நோட்டீஸ் போயிரணும், உண்மை தெரிஞ்சும் ரிலீஸ் பண்ணாங்கன்னு அப்பறம் காட்டலாம்.

சென்னை சென்சார் போர்டுக்கும் ஒரு மனு குடுங்க, சினிமாட்டோகிராஃப் சட்டம் 5பி பிரிவுல அவதூறு இருந்தா சர்டிஃபிகேட் தரக்கூடாதுன்னு இருக்கு. சர்டிஃபிகேட் ஆயிருச்சுன்னா கோர்ட்டும் தலையிட யோசிக்கும், அதனால லேட் பண்ணாதீங்க. அவன் அப்பீல் மதுரை பெஞ்சுல நிலுவையில இருக்கான்னும் பாத்துட்டு, இருந்தா அந்த நம்பரையும் நோட்டீஸ்ல போட்டுருங்க.