தீயணைப்பு நுரைக்கான ஃபோம் டேங்கின் சைட் கிளாஸில் (வெளியே லெவல் காட்டும் கண்ணாடிக் குழாயில்) தெரியும் லெவலை அப்படியே நம்பி ரெஜிஸ்டரில் எழுதலாமா?

எழுதாதீர்கள். குறைந்தபட்சம், அந்தக் கண்ணாடியின் வால்வை யார் கடைசியாகத் திறந்து பார்த்தார்கள் என்று தெரியும்வரை எழுதாதீர்கள்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். மாதா மாதம் டேங்க் முன்னால் போய் நின்று, கண்ணாடிக் குழாயில் திரவம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். அது ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் இருப்பதால் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சரியான சந்தேகம். நான் அதே மாதிரி ஒரு கோட்டைப் பார்த்து 14 மாதம் கையெழுத்துப் போட்டவன்.

எங்களிடம் இருந்தது பிளாடர் டேங்க். இரும்பு டேங்குக்குள் ரப்பர் பை, பைக்குள் ஃபோம் கான்சன்ட்ரேட் (தண்ணீரில் கலந்தால் நுரை தரும் அடர்திரவம்), பைக்கு வெளியே தண்ணீர். பம்ப் ஓடும்போது தண்ணீரின் அழுத்தம் பையைப் பிழிந்து கான்சன்ட்ரேட்டை பிரப்போர்ஷனருக்குத் தள்ளும்; அதைத் தண்ணீரில் சரியான விகிதத்தில் கலக்கும் கருவி அது. வருடாந்திர டெஸ்ட் அன்று லைனில் வந்த கலவையைப் பிடித்து, அதில் கான்சன்ட்ரேட் எவ்வளவு என்று அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தோம். 3 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. எனக்கு முதலில் மீட்டர் மேல்தான் சந்தேகம். கழுவித் துடைத்து மறுபடி வைத்தேன், அதே அளவுதான். பிரப்போர்ஷனரில் அடைப்பு இருக்கும் என்று நான் அதைக் கழற்றப் போனபோது, கூட இருந்த மூத்தவர் ஒருவர், "தம்பி, அதை விடு, முதல்ல வெளித் தண்ணியைக் கொஞ்சம் பாட்டில்ல பிடி" என்றார். பையைச் சுற்றியுள்ள தண்ணீரை டிரெயின் வால்வில் அரை பாட்டில் பிடித்துக் குலுக்கினோம். கழுத்துவரை நுரை ஏறியது. அந்தப் பக்கம் வெறும் தண்ணீர் மட்டுமே இருக்க வேண்டும். பை கிழிந்து, கான்சன்ட்ரேட்டும் தண்ணீரும் எத்தனையோ மாதமாக ஒன்றாகக் கலந்து கிடந்திருக்கிறது.

"அண்ணே, லெவல் ஃபுல்லா இருந்துச்சே" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடிக்குக் கீழே இருந்த வால்வைத் தொட்டுக் காட்டினார். மூடியிருந்தது.

அது மூடியிருப்பது தப்பில்லை என்பதுதான் விஷயமே. கண்ணாடி உடைந்தால் உள்ளே இருப்பது எல்லாம் கொட்டிவிடும், அதனால் படிக்காத நேரத்தில் மூடித்தான் வைப்பார்கள். ஆனால் மூடிய குழாயில் நிற்பது கடைசியாகத் திறந்த அன்று இருந்த லெவல். நான் 14 மாதமும் பார்த்தது அந்தப் பழைய நாளைத்தான். சரி, திறந்தால் மட்டும் போதுமா என்றால் போதாது. பைக்கு வெளியே தண்ணீர் நிரம்பி நிற்கும்போது திறந்தால், அந்தத் தண்ணீர் பையை அழுத்தி, கான்சன்ட்ரேட் குறைந்திருந்தாலும் கண்ணாடியில் உயர்த்திக் காட்டும். தண்ணீர் லைனையும் கான்சன்ட்ரேட் லைனையும் மூடி, அழுத்தத்தை இறக்கி, வெளித் தண்ணீரை வடித்துவிட்டுப் படித்தால்தான் உண்மை தெரியும். அந்த நேரத்தில் டேங்க் சேவையில் இல்லை என்பதைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், முடித்ததும் வால்வுகளைத் திரும்பத் திறந்தாயிற்றா என்று இரண்டு பேராகப் பாருங்கள். மூடியபடியே விட்டுப் போவது லெவல் குறைவதைவிட மோசம்.

"மேனுவலில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று யாராவது வருவார்கள். டேங்க் செய்தவர்களின் மேனுவல்தான் கடைசி வார்த்தை, நான் அதை மறுக்கவில்லை. "எங்களிடம் அல்ட்ராசானிக் சென்சர் (ஒலி அலையால் லெவல் அளப்பது) இருக்கிறது" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அழுத்தமில்லாத டேங்கில் மேலிருந்து கொட்டி நிரப்பினால் மேற்பரப்பில் நுரை கட்டும், சென்சர் அந்த நுரையால் ஏமாறும். டேங்க் படுக்கை உருளையாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. கால் உயரத்துக்குத் திரவம் நின்றால் கால் டேங்க் இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது சுமார் 19.6 சதவீதம்தான்.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பது என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. 3 சதவீத ஃபோமில் நிமிடத்துக்கு 2000 லிட்டர் கலவை போக வேண்டுமென்றால் கான்சன்ட்ரேட் மட்டும் நிமிடத்துக்கு 60 லிட்டர் போகும். டேங்கில் 300 லிட்டர் குறைந்தால் 5 நிமிடம் போய்விட்டது. தீக்கு முன்னால் நிற்பவருக்கு 5 நிமிடம் என்றால் என்ன என்று ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு யார் சொல்வது?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை. தீயணைப்புப் பராமரிப்பில் இருப்பவரை எல்லோரும் குழாய் ரிப்பேர்காரராகத்தான் பார்க்கிறார்கள். கழிவறையில் அடைப்பா, கூப்பிடு. ஏசி ஒழுகுகிறதா, கூப்பிடு. முழு ஷிப்டும் இதிலேயே போனால் டேங்க் அறைக்குப் போக 5 நிமிடம்தான் மிஞ்சும். அந்த 5 நிமிடத்தில் கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடத்தான் முடியும். என் கவனக்குறைவுக்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை, கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் ஆடிட்டுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட வால்வைத் தொட்டுப் பார்த்ததில்லை, ரெஜிஸ்டரில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

உங்கள் டேங்க் எந்த வகை என்று எழுதவில்லை. பிளாடர் டேங்க் என்றால் வெளித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குலுக்குவதிலிருந்து தொடங்குங்கள், அனுமதி வாங்கிக்கொண்டு. பிடித்ததைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், மூடி போட்ட கேனில் வையுங்கள். பழைய ஃபோம்களில் பலவற்றில் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்கும் ஃபுளோரின் ரசாயனங்கள் உண்டு. அப்புறம் ரெஜிஸ்டரில் "நார்மல்" என்று எழுதாமல், எந்த வால்வைத் திறந்தீர்கள், எத்தனை லிட்டர் இருந்தது என்று எழுதுங்கள். கட்டம் சிறியதாக இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள், நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.