வாசகர் கேள்வி – பதில்: ரேடியோ தொலைநோக்கிக்கு எது இரைச்சல்?

கேள்வி: ‘வானொலித் தொலைநோக்கி’ என்ற பெயரைப் பார்த்தால், வானத்திலிருந்து வரும் ஒலியைக் கேட்கும் கருவி என்றே தோன்றுகிறது. ஆய்வாளர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்களா?

பதில்: பெயர் செய்த குழப்பம் இது. வீட்டு ரேடியோப் பெட்டிக்கு ‘வானொலி’ மிகப் பொருத்தமான சொல். வானியலுக்குள் நுழைந்ததும் அதே சொல், வானமே ஒலி எழுப்புவது போன்ற எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது. விண்மீன்களுக்கும் நமக்கும் இடையே ஒலியைச் சுமந்து வரக் காற்று இல்லை. அங்கிருந்து வருவது ரேடியோ அலை. அது ஒளியின் இனத்தைச் சேர்ந்தது, அலைநீளம்தான் மிக அதிகம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ரேடியோ அலையினுடையதோ மில்லிமீட்டரில் தொடங்கிப் பல மீட்டர் வரை போகும். ஆன்டெனாவில் படும் அலை மிகச் சிறிய மின்னழுத்தமாக மாறி, பெருக்கப்பட்டு, எண்களாகிக் கணினிக்குள் செல்கிறது. ஆகவே இந்தப் பகுதியில் ‘ரேடியோ தொலைநோக்கி’ என்றே எழுதுகிறேன். தமிழ்ப் பற்றாளர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஆனால், இத்துறையைத் தொடங்கிவைத்தவர் உண்மையிலேயே காதால் கேட்டவர். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளரிடம், அட்லாண்டிக் கடலைத் தாண்டிய ரேடியோ தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியும் பணி ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள ஓர் ஆன்டெனாவைக் கட்டி, ஃபோர்டு காரின் சக்கரங்களில் ஏற்றி, வட்டப் பாதையில் இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும்படி அவர் சுழலவிட்டார். 20.5 மெகாஹெர்ட்ஸில் மூன்று வகை இரைச்சல் கிடைத்தது. அருகில் இடிக்கும் இடி ஒன்று, தொலைவில் இடிக்கும் இடி இன்னொன்று. மூன்றாவது, காரணம் தெரியாத, ஓயாத ஒரு ‘உஸ்’. முதலில் சூரியன் மீதுதான் அவருக்குச் சந்தேகம். ஆனால் அந்த ‘உஸ்’ உச்சம் தொடும் நேரம் நாளுக்கு நான்கு நிமிடம் முந்திக்கொண்டே வந்தது. சூரியன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே திசைக்குத் திரும்புகிறது; விண்மீன்களோ 23 மணி 56 நிமிடத்தில் திரும்பிவிடுகின்றன. எனவே மூலம் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருந்தாக வேண்டும். திசையைக் கணக்கிட்டபோது அது தனுசு ராசிப் பக்கம், அதாவது நம் பால்வீதியின் மையத்தை நோக்கி இருந்தது. 1933-இல் இது அறிவிக்கப்பட்டது. அந்த நான்கு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மீண்டும் வரும்.

கேள்வி: ரேடியோ தொலைநோக்கிகளின் இவ்வளவு பெரிய ஆன்டெனாத் தட்டுகளிலிருந்து வரும் கதிர்வீச்சு அருகில் வசிப்பவர்களைப் பாதிக்காதா?

பதில்: அவை எதையும் வெளியிடுவதில்லை, வாங்க மட்டுமே செய்கின்றன. கோள்களை ஆராய ரேடார் அலைபரப்பியும் வைத்திருந்த, புவேர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ தொலைநோக்கி போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. உண்மையில் அச்சம் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. அருகில் வசிப்பவர்களின் கருவிகள் தொலைநோக்கியைப் பாதிக்கின்றன.

கேள்வி: அதைத்தான் கேட்க நினைத்தேன். ரேடியோ தொலைநோக்கி இருக்கும் இடங்களில் செல்பேசிக்கும் வைஃபைக்கும் தடை என்று படித்தேன். மாபெரும் கருவியை ஒரு செல்பேசியா கெடுத்துவிடும்?

பதில்: கெடுத்துவிடும். இத்துறையின் அளவு அலகுக்கு ஜான்ஸ்கியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குப் பின் 26 சுழியங்களைப் போட்டு, ஒரு வாட்டை அந்த எண்ணால் வகுத்தால் வரும் ஆற்றல், ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு ஹெர்ட்ஸ் அதிர்வெண் அகலத்தில் விழுந்தால் அது ஒரு ஜான்ஸ்கி. ஒரு வாட் ஆற்றலில் பேசும் பழைய ஜி.எஸ்.எம். செல்பேசியை நிலவில் கொண்டுபோய் வைத்ததாகக் கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமியில் அது இருநூறு ஜான்ஸ்கிக்கு மேல் தெரிகிறது. இன்று ஆராயப்படும் தொலைதூர விண்மீன் திரள்கள் பல, ஆயிரத்தில் ஒரு ஜான்ஸ்கியைக்கூட எட்டுவதில்லை. நிலவில் இருக்கும் செல்பேசியே இந்தப் பாடு படுத்தும் என்றால், காவலாளியின் சட்டைப் பையில் இருப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவின் கிரீன் பேங்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 34,000 சதுர கிலோமீட்டர் பரப்பை 1958-இலேயே ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்துவிட்டார்கள். அங்கே தொலைநோக்கியின் அருகில் செல்லும் வாகனங்கள் டீசலில் ஓடுபவை. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியே ஒரு சிறிய ரேடியோ அலைபரப்பி என்பது அதற்குக் காரணம்.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நடந்தது இன்னும் சுவையானது. தொலைதூர விண்வெளியிலிருந்து வருவது போலவே, உயர் அதிர்வெண் முதலிலும் தாழ் அதிர்வெண் பின்னாலுமாகச் சறுக்கி வரும் குறுகிய வெடிப்புகள் அங்கே 1998 முதல் அவ்வப்போது பதிவாகிக்கொண்டிருந்தன. வானத்தின் வெவ்வேறு திசைகளைப் பார்க்கும் தட்டின் எல்லாக் கற்றைகளிலும் அவை ஒரே சமயத்தில் தெரிந்ததால், மூலம் பூமியில்தான் இருக்க வேண்டும் என்பது புரிந்தது. ஆனால் என்ன பொருள் என்பது பதினேழு ஆண்டுகள் பிடிபடவில்லை. அவை மதிய உணவு வேளையை ஒட்டியே அதிகம் வந்தன என்பது ஒரு துப்பு. 2015-இல் குறுக்கீட்டைக் கண்காணிக்கும் கருவி ஒன்றைப் பொருத்தியபோது, அந்த வெடிப்புகளுடன் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு துடிப்பு வந்தது தெரிந்தது. ஆய்வகத்தின் மைக்ரோவேவ் அடுப்பை, அது ஓடி முடியும் முன்பே பொறுமையிழந்து யாரோ கதவைத் திறக்கும்போது, உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் அணையும் அந்தக் கணத்தில் வெளியேறும் அலைதான் அது. வேண்டுமென்றே கதவைத் திறந்து பார்த்தார்கள், அப்படியே வந்தது. இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. அதே தொலைநோக்கியின் பழைய பதிவுகளிலிருந்து 2007-இல் அறிவிக்கப்பட்ட உண்மையான விண்வெளி வெடிப்பு மீதும் இந்த அடுப்பின் நிழல் விழுந்திருந்தது. அடுப்பைப் பிடித்த பிறகுதான் அந்தச் சந்தேகம் நீங்கியது.

விண்வெளியில் பரவியிருக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியிடும் ரேடியோ அலை வரும் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று பன்னாட்டு விதி இருக்கிறது. ஆனால் விதி தரைக்குப் பயன்படும் அளவுக்கு வானத்துக்குப் பயன்படவில்லை என்பது என் வருத்தம். இணையச் சேவைக்காக ஏவப்படும் செயற்கைக்கோள்களின் மின்னணுப் பாகங்களிலிருந்து 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரை அலை கசிவதை, ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி 2023-இல் பதிவுசெய்தது. மலைக்குப் பின்னால் மறைந்துகொண்டு தப்பிக்க முடியாத குறுக்கீடு அது.

கேள்வி: மழைக்காலத்திலும் பகலிலும் இந்தத் தொலைநோக்கிகளுக்கு ஓய்வா?

பதில்: இல்லை. சென்டிமீட்டர், மீட்டர் அலைகளுக்கு மேகம் பெரிய தடையில்லை. பகலும் இரவும் ஏறத்தாழ ஒன்றே. மில்லிமீட்டர் அலைகளை மட்டும் காற்றில் உள்ள நீராவி விழுங்கிவிடும். ஆல்மா தொலைநோக்கித் தொகுதியைச் சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் அமைத்தது அதனால்தான்.

கேள்வி: 100 மீட்டர் விட்டத்தில் ஒரே தட்டு இருக்கும்போது, ஏன் பல தட்டுகளை இணைக்கப் பாடுபடுகிறார்கள்?

பதில்: 100 மீட்டர் தட்டு, மனிதக் கண்ணை விட மங்கலாகப் பார்க்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு கருவி எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காண முடியும் என்பது, அதன் அகலத்துக்குள் எத்தனை அலைநீளம் அடங்கும் என்பதைப் பொறுத்தது. 21 சென்டிமீட்டர் அலையில் 100 மீட்டர் தட்டினால் முழு நிலவின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை மட்டுமே பிரித்துக் காண முடியும். நல்ல கண்ணோ முப்பதில் ஒரு பங்கைப் பிரித்துவிடும். தட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு.

இதை எப்படிக் கடந்தார்கள் என்பதற்குக் இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் சுவரூப் தலைமையில் உருவான இரண்டு கருவிகளையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1970-இல் இயங்கத் தொடங்கிய உதகை ரேடியோ தொலைநோக்கி வட்டத் தட்டே அல்ல. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட, வாய்க்காலைப் போல் வளைந்த பரவளைய உருளை அது. அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகை அளவுக்கே சாய்ந்திருக்கும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வடக்குத் தெற்காக அமைத்ததால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். நுட்பத்துக்கு நிலவின் உதவியை நாடினார்கள். நகரும் நிலவின் விளிம்பு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும் மறையும் விதத்தையும் அளந்தால், மூலத்தின் இடமும் அளவும் கிடைத்துவிடும். இப்படி மலையையும் நிலவையும் கருவியின் பாகங்களாக்கிக்கொண்ட திட்டத்தை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

அடுத்து வந்தது, புணேவுக்கு வடக்கே கோடத் என்ற ஊரில் உள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகள் 25 கிலோமீட்டர் வரை பரவி நிற்கின்றன; 14 நடுவிலும் 16 மூன்று கைகளிலுமாக. ஒவ்வொரு இணை தட்டுகளின் பதிவையும் ஒப்பிட்டுக் கணினியில் சேர்த்தால், 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே தட்டின் கூர்மை கிடைக்கிறது. இதே கணக்கைப் பூமி அளவுக்கு விரித்தால், 2017-இல் எட்டு தொலைநோக்கிகள் சேர்ந்து நோக்கி 2019-இல் வெளியான கருந்துளைப் படம். அந்தத் தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரியது. அதைப் பதிந்த கணினி வன்தட்டுகளை (ஹார்டு டிஸ்க்) விமானத்தில்தான் ஏற்றி வந்தார்கள். தென்துருவத்து வன்தட்டுகள் அங்கே குளிர்காலம் முடியும் வரை காத்துக் கிடந்தன.

கேள்வி: சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் விண்மீனான பல்சாரைக் கண்டுபிடித்த ஜோசலின் பெல்லுக்கு நோபல் பரிசு மறுக்கப்பட்டது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை என்பதே என் கருத்து. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த அவர், கம்பம் நட்டுக் கம்பி கட்டித் தொலைநோக்கியை அமைப்பதிலும் பங்கெடுத்தவர். நாளொன்றுக்கு முப்பது மீட்டர் அளவுக்கு ஓடி வரும் வரைபடத் தாளைக் கண்ணாலேயே பார்த்து வந்தவர். நூறு மீட்டருக்கு மேல் நீளும் தாளில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல், முன்பும் வானத்தின் அதே பகுதியில் வந்தது என்பது அவர் நினைவுக்கு வந்தது. அது நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வந்தது. ஆகவே வீட்டுக் கருவியாகவோ வாகனமாகவோ இருக்க முடியாது. தாளை வேகமாக ஓடவிட்டபோது, 1.34 நொடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் துடிப்பாக அது விரிந்தது. 1974-இல் பரிசு அவருடைய ஆசிரியர் ஆண்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. பெல்லோ, ஆய்வு மாணவர்களுக்கு நோபல் தருவது மிக அரிதான நிலையிலேயே பொருந்தும் என்று பின்னாளில் பேசியிருக்கிறார். 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசையும் இயற்பியல் மாணவர்களின் உதவித்தொகைக்கே கொடுத்துவிட்டார். அவருடைய பெருந்தன்மையைக் காரணம் காட்டிப் பரிசுக் குழுவை விடுவிக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: நான் மின்னணுவியல் படித்தவன், வானியலில் ஆர்வம் உண்டு. தனி மனிதர் வீட்டில் ரேடியோ தொலைநோக்கி அமைக்க முடியுமா?

பதில்: உலகின் முதல் தட்டுத் தொலைநோக்கியே ஒருவர் வீட்டுத் தோட்டத்தில்தான் எழுந்தது. 1937-இல் அமெரிக்காவின் வீட்டன் நகரில், குரோட் ரீபர் என்ற இளைஞர் 9.5 மீட்டர் தட்டைத் தம் கையாலேயே கட்டினார். 3300 மெகாஹெர்ட்ஸிலும் 900-லும் ஒன்றும் கிடைக்காமல், 160-இல்தான் பால்வீதி பிடிபட்டது. பகலில் ஓடும் கார்களின் தீப்பொறித் தொல்லையால் இரவில் விழித்திருந்து அளந்தார்.

இன்று நீங்கள் அவ்வளவு சிரமப்பட வேண்டியதில்லை. அட்டைப் பலகையில் அலுமினியத் தாளை ஒட்டிச் செய்த கூம்பு, அதன் அடியில் தகரப் பெட்டி, பெட்டிக்குள் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி, அதை ஒட்டியே ஒரு குறை இரைச்சல் பெருக்கி, வடிகட்டி, கணினியில் செருகும் மென்பொருள் ரேடியோ: இவ்வளவு போதும், பால்வீதியின் ஹைட்ரஜனை 1420.4 மெகாஹெர்ட்ஸ் அருகில் காணலாம். முதலில் கூம்பைத் தரையை நோக்கித் திருப்புங்கள், பிறகு வானத்தை நோக்கி. தரை வெப்பமானது, வானம் குளிர்ந்தது. வானத்தை நோக்கித் திருப்பியதும் பதிவாகும் இரைச்சலின் அளவு இறங்கவில்லையென்றால் பெருக்கியில் கோளாறு.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் இரவே 1420-க்கு அருகில் ஊசிமுனை போல ஒரு கோடு நின்றது. மகிழ்ச்சியில் நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டேன். மறுநாள் கூம்பைத் தரையை நோக்கித் திருப்பியபோதும் கோடு அசையவில்லை. மடிக்கணினியை அணைத்துவிட்டு வேறொன்றில் பார்த்தேன், கோட்டைக் காணோம். கணினியின் உள்கடிகாரத்திலிருந்து கசிந்ததைத்தான் பால்வீதி என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஹைட்ரஜன் ஊசியாக வராது. பால்வீதியில் வாயு பல வேகங்களில் நகர்வதால், நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ அரை மெகாஹெர்ட்ஸ் என்ற கணக்கில் விலகி, அகன்ற மேடாகவே வரும். கணினியை நீண்ட கேபிளில் வேறு அறைக்கு மாற்றி, பத்து நிமிடப் பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்த பிறகு அந்த மேடு மெல்ல எழுந்தது.

சந்தேகங்களுக்கு அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றவர்களை அணுகுங்கள். ஆன்டெனாவைப் பற்றிப் பேசச் சலிக்காதவர்கள். கருவி செய்ய இடமில்லாதவர்கள், பெரிய தொலைநோக்கிகளின் ஆவணக் காப்பகத்தில் திறந்துவிடப்பட்ட பழைய தரவை எடுத்துப் பயிலலாம்.

உங்கள் மேடு ஹைட்ரஜன்தானா என்று தெரிந்துகொள்ளக் கூம்பை அசைக்காமல் வைத்து, மேடு உச்சம் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முந்தியிருந்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள். அதே மணிக்கே வந்தால், பக்கத்து அறையில் எது ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள்.