வாளிக்குக் காய்ச்சல்

வணக்கம் ஐயா,

முதன்முறையாக வீட்டில் பியர் காய்ச்சியிருக்கிறேன். மால்ட் தூள் (முளைகட்டிய பார்லிச் சாற்றின் தூள்) 2.5 கிலோ, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரக் கொதி, மொத்தம் 20 லிட்டர். ஹைட்ரோமீட்டரில் சாற்றின் ஆரம்ப அடர்த்தி 1.046. கைக்கு வெதுவெதுப்பாக ஆறியதும் ஈஸ்டைத் தூவினேன். அறை வெப்பம் 29 டிகிரி. மறுநாளே ஏர்லாக் (மூடியில் வாயுவை வெளியே விடும் குழாய்) குதித்தது, நான்காம் நாளான இன்று அடங்கிவிட்டது. லேசாக நெயில் பாலிஷ் வாடை. நாளை பாட்டிலில் அடைக்கலாமா? வாளிக்குப் பதில் கண்ணாடிக் கலன் வாங்கினால் வாடை போகுமா? அடுத்த முறை நல்ல மணத்துக்கு எந்த ஹாப்ஸ் வாங்கட்டும்?

ச.

அன்புள்ள ச.,

நாளை அடைக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

'காய்ச்சியிருக்கிறேன்' என்கிறீர்கள். இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. காய்ச்சுவது என்று சொல்லிச் சொல்லியே புதிதாக வருகிறவர்களின் புத்தி முழுக்க அடுப்பில் நின்றுவிடுகிறது. கொதியை நிமிடக் கணக்கில் எழுதுகிறார்கள், அடுப்பை அணைத்ததும் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கிருமி சாகிறது, ஹாப்ஸின் ஆல்பா அமிலம் கசப்பாக மாறிக் கரைகிறது. ஒரு சொட்டு ஆல்கஹால்கூட அடுப்பில் உண்டாவதில்லை. சாராயத்தைத்தான் காய்ச்சி வடிக்கிறார்கள். பியர் ஊறுகிறது. ஊறும் முதல் மூன்று நாளில் அந்த வாளி எத்தனை டிகிரியில் இருந்தது என்பதுதான் அதன் ஜாதகம்.

உங்கள் வாளிக்கு அந்த மூன்று நாளும் காய்ச்சல்.

கைக்கு வெதுவெதுப்பு என்றால் என்ன? உங்கள் தோலைவிடச் சூடு, அதாவது 35 டிகிரிக்குக் குறையாது. அதில் ஈஸ்டைப் போட்டீர்கள். அப்புறம் அறை 29 என்கிறீர்கள். அறையை யார் கேட்டார்கள்? ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். வேகம் உச்சத்தில் இருக்கையில் உள்ளே இருக்கும் திரவம் அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூட இருக்கும். 18 முதல் 20 வரை இருக்கவேண்டிய ஏல் வகைப் பியருக்கான சாதாரண ஈஸ்ட், 33-ல் வெந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் அது வெறிபிடித்ததுபோலப் பெருகும். பெருகும் அவசரத்தில் எத்தில் அசிட்டேட்டையும் கனமான ஆல்கஹால்களையும் கக்கும். உங்கள் நெயில் பாலிஷ் அதுதான். நான்கே நாளில் முடிந்துவிட்டதாக நீங்கள் மகிழ்வது அந்தக் காய்ச்சலைப் பார்த்துத்தான்.

கண்ணாடிக் கலனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிளாஸ்டிக் வாளியில் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை செய்யவேண்டியது இது. கொதித்த பாத்திரத்தை மூடி ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, 20 டிகிரிக்கு வரும்வரை தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள், கையை வைத்தல்ல. ஆறிய சாற்றை வாளியில் உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்க விடுங்கள். ஈஸ்டுக்குக் காற்று தேவைப்படும் நேரம் அது ஒன்றுதான். 11 கிராம் ஈஸ்டைத் தூவியபின் வாளியை அகலத் தொட்டியில் வைத்து, பியர் மட்டம் வரை வெளியே தண்ணீர் நிரப்புங்கள். உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைக் காலையும் மாலையும் மாற்றிப் போடுங்கள். பழைய பருத்திச் சட்டையை வாளிமேல் போர்த்தி, ஓரத்தைத் தண்ணீரில் தொங்கவிட்டு, மின்விசிறியை அதன்மேல் திருப்பினால் இன்னும் சில டிகிரி இறங்கும். வாளியின் பக்கத்தில் ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டையைப் பியர் மட்டத்துக்குக் கீழே ஒட்டுங்கள். மூன்று நாள் 20-ஐத் தாண்டக் கூடாது. நான்காம் நாளிலிருந்து 21, 22-க்கு ஏறட்டும். தான் உண்டாக்கிய வெண்ணெய் வாடையை ஈஸ்ட் அப்போது தானே தின்று தீர்க்கும்.

இந்தப் பாடெல்லாம் முடியாது என்றால் ஈஸ்டை மாற்றுங்கள். நார்வேயின் பண்ணைவீட்டு ஈஸ்டான க்வைக் 35 டிகிரியிலும் ஒழுக்கமாக வேலை செய்யும். சூட்டோடு மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

இப்போதிருக்கும் வாளியை என்ன செய்வது? அவசரப்பட்டுக் குளிரவைக்காதீர்கள், மிச்ச வேலையை விட்டு ஈஸ்ட் தூங்கிவிடும். ஏர்லாக்கையும் நம்பாதீர்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் வாயு வேறு வழியில் போகும், குமிழி நின்றதாகத் தோன்றும். பதினான்காம் நாள் வரை திறக்காமல் விட்டுவிட்டு, மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். 1.012-ஐ ஒட்டி ஒரே எண் நின்றால் முடிந்தது, ஆல்கஹால் நாலரை சதவீதம் வரும். 1.016-ல் அடைத்து, உள்ளே அது 1.012-க்கு இறங்கினால், லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். வாயுவுக்காக நீங்கள் சேர்க்கப்போவதே லிட்டருக்கு 6 கிராம்தான். பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு முகத்தில் தெறிக்கும். பயமுறுத்தவில்லை அப்பா, நடப்பதைச் சொல்கிறேன்.

நெயில் பாலிஷ் வாடை முழுக்கப் போகாது, கொஞ்சம் மழுங்கும். அதற்காகக் கொட்டிவிடாதீர்கள். 120 கிராம் சர்க்கரையைக் கொதித்த தண்ணீரில் கரைத்து ஆறவைத்துக் கலந்து, தடித்த பழுப்பு பாட்டில்களில் அடைத்து இரண்டு வாரம் இருட்டில் வைத்துக் குடித்துப் பாருங்கள். சூடு என்ன செய்யும் என்று நாக்குக்குத் தெரிந்துவிடும்.

ஹாப்ஸ் கேட்டீர்களே. எதையாவது வாங்குங்கள், உறை புதிதாக இருக்கட்டும், கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். அடுத்த கடிதத்தில் வாளியின் டிகிரியை நாள்வாரியாக எழுதி அனுப்புங்கள். அறையின் டிகிரி வேண்டாம்.