ஆட்டம் முடிந்ததும் பேச்சும் முடிகிறதா?

"கல்யாணமாகி நான்கு வருடம். ராத்திரி ஆளுக்கொரு போனோடு உட்காருவது பிடிக்காமல் செஸ் போர்டு வாங்கினேன். அவர் கல்லூரி அணியில் ஆடியவர். பத்தே நிமிடத்தில் ஜெயித்துவிட்டு, 'குதிரையை அங்கே வைத்திருக்கக் கூடாது' என்று பாடம் எடுக்கிறார். நெருக்கம் வரும் என்று ஆரம்பித்தது, முகம் கொடுத்துப் பேசாமல் தூங்கப் போவதில் முடிகிறது. விட்டுவிடலாமா?" என்று திருச்சி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

செஸ்ஸை விடுங்கள், விளையாட்டை விடாதீர்கள். செஸ்ஸில் பகடையும் கிடையாது, மறைத்து வைத்த சீட்டும் கிடையாது. தோற்றால் பழி போட வேறு ஆளில்லை. நாலு தடவை தோற்றால் 'நான் மக்கு' என்றுதான் மனதில் படும். அவரை விட்டுக்கொடுக்கச் சொல்லவும் வேண்டாம். அது உடனே தெரிந்துவிடும், இன்னும் எரிச்சலாக இருக்கும். செஸ்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், அவருடைய ராணியை எடுத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள். அவருக்கும் அப்போதுதான் சுவாரசியம்.

தாயம் ஆடிப் பாருங்கள். இரண்டு கட்டைகள் விழக்கூடிய 16 விதங்களில் 2 மட்டுமே தாயம். அது விழாமல் எவ்வளவு பெரிய மூளைக்காரரும் காயை இறக்க முடியாது. வெட்டுப்பட்டால் கோபம் கட்டையின் மேல் போகும், ஆளின் மேல் போகாது. நலங்கில் குடத்து மோதிரத்துக்குக் கைகள் முட்டிக்கொண்டதும் இந்த வகைதானே? யார் எடுத்தாலும் சிரிப்புதான்.

ஆடுபுலி ஆட்டமும் நல்லது. 3 புலி, 15 ஆடு. ஒரு ஆட்டம் அவர் புலி, அடுத்தது நீங்கள். அவருடைய செஸ் பயிற்சி இங்கே பாதிதான் உதவும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இருவரும் ஒரே பக்கம் நிற்கும் ஆட்டங்கள். கோட்நேம்ஸ் டூயட் என்று ஒன்று. மேசையில் 25 சொற்கள். அவற்றில் எவை சரி என்று உங்களுக்குப் பாதி தெரியும், அவருக்குப் பாதி தெரியும். ஒரே ஒரு சொல்லும் ஒரு எண்ணும் சொல்லி மற்றவரைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். நீங்கள் 'ரயில்', 'குளிர்' இரண்டையும் நினைத்து "ஊட்டி, இரண்டு" என்கிறீர்கள். அவர் 'மழை'யைத் தொடுகிறார். ஏன் என்று கேட்டால், தேனிலவில் இருவரும் தொப்பலாக நனைந்த கதை வெளியே வருகிறது. ஆட்டத்தில் தப்பு, ஆனால் அந்த ராத்திரி வீணாகவில்லை. வாங்கக்கூட வேண்டாம், தமிழ்ச் சொற்களைத் துண்டுச்சீட்டில் எழுதி நீங்களே செய்துகொள்ளலாம்.

நோய் பரவாமல் எல்லோரும் சேர்ந்து தடுக்கும் 'பேண்டமிக்' போன்ற கூட்டு ஆட்டங்களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. அனுபவசாலி மற்றவருடைய காயையும் சேர்த்து நகர்த்த ஆரம்பித்துவிடுவார். உங்கள் வீட்டில் அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

ஆடும்போது கேட்டால் மட்டுமே யோசனை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை நடுவே சொல்லாதீர்கள். காபி குடிக்கும்போது, "நீங்க சொல்லித்தர்றப்ப எனக்கு ஸ்கூல் ஞாபகம் வருது" என்று சொன்னால் போதும். உறவினர்கள் வந்தால் கேரமில் டபுள்ஸ் ஆடுங்கள், ஜோடி எதிரெதிரே உட்கார வேண்டும். நீங்கள் ரெட் போட்டால் அவர் முகத்தைப் பாருங்கள்.

இந்த ஞாயிறு தாயத்தில் தொடங்குங்கள். முதல் தாயம் விழ எப்படியும் நேரமாகும், அதுவரை பேசிக்கொண்டிருக்கலாம்.