ஓட்டக்காரரின் குதிகாலும் தையல்காரரின் மணிக்கட்டும்

வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபி பதில்கள்

கேள்வி: வயது 38. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். குதிகாலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் தடித்து வலிக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்டல்தான். இரண்டு மாதம் ஓடாமல் இருந்தேன், வலி போய்விட்டது. திரும்ப ஓடியதும் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. இன்னும் ஓய்வு எடுக்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தசைநாண் பலம் பெறாது. சுமை கொடுத்தால்தான் அது தேறும். உங்களுக்கு வலிப்பது கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணின் நடுப்பகுதி. இதற்கு 1998-இல் ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சன் குழு வெளியிட்ட பயிற்சி முறையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நல்ல காலால் உந்தி மேலே எழும்புங்கள். உடல் எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, குதிகால் படி மட்டத்துக்குக் கீழே போகும்வரை மெதுவாக இறக்குங்கள். நான்கு எண்ணும் நேரமாவது ஆகட்டும். மறுபடி எழும்புவது நல்ல காலால்தான். முழங்காலை நேராக வைத்து 15 முறை வீதம் 3 சுற்று, சற்று மடக்கி அதே அளவு. மடக்கினால் உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை அதிகமாகும். ஓட்டத்தில் அதிகம் உழைப்பது அதுதான், அதனால் இந்தப் பாதியை விட்டுவிடாதீர்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, 12 வாரம்.

பலர் தோற்பது எங்கே தெரியுமா? வலி குறைந்ததும் அதே உடல் எடையிலேயே நின்றுவிடுகிறார்கள். நாண் அந்தச் சுமைக்குப் பழகிவிட்டது; ஓட்டத்தின் சுமையோ அதைவிடப் பல மடங்கு. பழைய ஸ்கூல் பேக்கில் 5 கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டுங்கள். அதுவும் சுலபமானால் 10 கிலோ.

பயிற்சியில் வலி வரும், பயம் வேண்டாம். பத்துக்கு ஐந்து வரை இருக்கலாம். தீர்ப்பு சொல்வது மறுநாள் காலை: விடியற்கால இறுக்கம் முந்தைய நாளைப் போலவே இருந்தால் அளவு சரி, கூடியிருந்தால் அளவு அதிகம். ஓட்டத்துக்கும் இதே கணக்குதான். அதற்கு உட்பட்டு ஓடலாம், ஆனால் மேட்டு ஓட்டமும் வேக ஓட்டமும் சில வாரம் பொறுக்கட்டும்.

மூன்று எச்சரிக்கைகள். வலி குதி எலும்பை ஒட்டியே இருந்தால் படிக்குக் கீழே இறக்கக் கூடாது. நாண் எலும்பில் நசுங்கும். அப்படி வலிப்பவர்கள் சமதரையிலேயே செய்யட்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட சமயத்தில் இந்த வலி தொடங்கியிருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவை தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் 'பட்' என்று தெறித்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். இரவு இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் எழுந்து உதறினால்தான் தூக்கம் வருகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மதமதவென்று இருக்கின்றன. பிடிக்குப் பலம் வர ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினால் கூடுகிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: பந்தை இன்றே நிறுத்துங்கள், அம்மா. சுண்டுவிரலை விட்டுவிட்டு நீங்கள் சொன்ன விரல்களில் மரப்பும், இரவில் உதறினால் சரியாவதும் கார்ப்பல் டனல் நெருக்கத்தின் அடையாளம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய பாதையில் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் போகிறது. இறுக்கி முஷ்டி பிடித்தால் உள்ளங்கையின் சிறு தசைகளும் அந்தப் பாதைக்குள் இழுக்கப்படும். இடம் இல்லாத இடத்தில் இன்னும் நெரிசல். தசைநாண் சுமை கேட்கும், நரம்பு இடம் கேட்கும்.

முதல் மருந்து, இரவில் மணிக்கட்டு மடங்காமல் பிடிக்கும் பட்டை. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். அதனால்தான் இரண்டு மணிக்கு விழிப்பு. கடையில் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு கையை மேல்நோக்கி வளைத்தே வைத்திருக்கும். தகட்டை உருவி, நேராக்கி, திரும்பச் செருகுங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரல்கள் தாராளமாக அசையட்டும். இறுக்கிக் கட்டினால் அந்தக் கட்டே நெருக்கும். ஆறு வாரம் ஒரு இரவும் விடாமல் போடுங்கள்.

பயிற்சி அதற்குத் துணைதான். மேஜை மேல் முழங்கையை ஊன்றி, மணிக்கட்டை நேராக வைத்து லேசாக விரல்களை மூடுங்கள். பிறகு விரல்களை நீட்டுங்கள், கட்டைவிரல் பக்கத்திலேயே இருக்கட்டும். அடுத்து மணிக்கட்டை மெல்லப் பின்னுக்குச் சாயுங்கள். கடைசியாகக் கட்டைவிரலை விரியுங்கள். ஒவ்வொரு நிலையிலும் 5 விநாடி, மொத்தம் 5 முறை, நாளுக்கு மூன்று வேளை. சுருசுருப்பு தொடங்கும் நிலைக்கு முந்தைய நிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செய்து முடித்த சில நிமிடத்தில் கை பழையபடி ஆகாவிட்டால் அளவு அதிகம் என்று பொருள். குதிகால் வலிக்குச் சொன்னதுபோல் இங்கே மறுநாள் காலைவரை காத்திருக்கக் கூடாது.

வேலையில் அரை மணிக்கு ஒரு தடவை கையைத் தொங்கவிட்டுத் தளர்த்துங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்; இரண்டுமே இதைக் கொண்டுவரும். கட்டைவிரல் அடி மேடு இளைத்திருந்தால், பட்டன் போட முடியாமல் போனால், மரப்பு பகலிலும் விடாமல் இருந்தால், பயிற்சியில் நாளைக் கடத்தாமல் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்குப் போங்கள். தேவைப்பட்டாலும் சிறிய அறுவை சிகிச்சைதான். தாமதம் செய்தால் இளைத்த தசை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

கேள்வி: வயது 46, அரை மாரத்தான் ஓடுபவன். பிட்டத்திலிருந்து கணுக்கால்வரை இழுக்கிறது. பின்தொடைத் தசை இறுகியிருக்கிறது என்று தினமும் காலையில் எழுந்ததும் குனிந்து கால்விரலைத் தொட்டு 30 விநாடி நிற்கிறேன். ஒரு மாதமாகியும் கூடத்தான் செய்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இழுப்பது தசைதானா என்று வீட்டிலேயே பாருங்கள். நாற்காலியில் முதுகைக் கூன்போட்டு உட்கார்ந்து, மோவாயை நெஞ்சில் பதித்து, வலிக்கும் காலை மெதுவாக நீட்டுங்கள். இழுப்பு வந்ததும் காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். இழுப்பு குறைந்தால் நரம்பைச் சந்தேகியுங்கள். பின்தொடைத் தசை கழுத்தோடு இணைந்ததில்லை. தண்டுவடமும், பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பும் ஒரே தொடர்.

நரம்பை இழுத்துப் பிடித்து நிற்பது தவறு. விலங்கு நரம்புகளில் செய்த சோதனைகளில், நீளத்தில் சுமார் 8 சதவீதம் இழுத்தாலே உள்ளே ரத்த ஓட்டம் குறையத் தொடங்கியது. 15 சதவீதத்தில் ஏறக்குறைய நின்றேபோனது. அதுவும் நீங்கள் குனிவது எழுந்தவுடனே. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும் நேரம் அது. எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே வேண்டாம்.

மாற்றாக நரம்பைச் சறுக்கவிடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, காலை நீட்டும்போது தலையை மேலே தூக்குங்கள். காலை மடக்கும்போது தலையைத் தாழ்த்துங்கள். ஒரு முனை இழுபட்டால் மறுமுனை தளரும். எங்கும் நிறுத்தாமல் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை.

குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் விட்டு, கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தும் பயிற்சியும் பலருக்கு உதவுகிறது. நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி வகுத்த முறை இது. 10 முறை செய்துவிட்டு, வலி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். கணுக்காலில் இருந்தது தொடைக்கும் பிட்டத்துக்கும் ஏறினால், இடுப்பு சற்று கூடுதலாக வலித்தாலும் நல்லது, தொடருங்கள். வலி கீழே இறங்கினால் நிறுத்துங்கள். ஓட்டம் இப்போது வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். அரை மணி நடந்தும் காலில் வலி இல்லாத நாளில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கலாம்.

சிறுநீர் பிரியாமல் போனால், ஆசனவாயைச் சுற்றி மரத்தால், பாதம் தொங்கினால் அந்த மணியே அவசரப் பிரிவு.

கேள்வி: பத்து கிலோமீட்டர் தாண்டினால் வலது தொடையின் வெளிப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு எரிந்து மரக்கிறது. காலில் பலம் குறையவில்லை. என்ன பயிற்சி செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போன் வைக்கும் பையை இடுப்பில் இறுக்கிக் கட்டி ஓடுகிறீர்களா? தொடையின் வெளித்தோலுக்குப் போகும் நரம்பு, இடுப்பு எலும்பின் முன்முனைக்கு அருகில்தான் வெளியே வருகிறது. எந்தத் தசைக்கும் போகாத நரம்பு, அதனால்தான் பலம் குறையவில்லை. பயிற்சி எதுவும் தேவையில்லை. பையைக் கைப்பட்டைக்கு மாற்றுங்கள், இறுக்கமான இடுப்புப்பட்டி உள்ள உடையை விடுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டாலோ, படியேறும்போது முழங்கால் மடங்கிப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள். அப்போது தேட வேண்டியது வேறு நரம்பை.