பயம்தான் எங்களை நடத்துகிறதா? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 16 வருடமாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். பயம் பற்றி என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரு கிழமைக்குள் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. பெயர்களை விட்டு ஊரை மட்டும் போடுகிறேன்.

முழங்காவில், உயர்தர மாணவன்: அக்கா, மனிதர் செய்கிற எல்லாவற்றுக்கும் அடியில் பயம்தான் இருக்கிறது என்று எங்கள் ரியூசன் சேர் சொல்கிறார். படிப்பது பெயிலாகிவிடுவோம் என்ற பயம், உழைப்பது பட்டினிப் பயம், கல்யாணம் தனிமைப் பயம். உண்மையா?

தம்பி, உங்கள் சேர் சொல்வது பழைய வாதம். லேசில் தள்ளிவிடவும் முடியாது. இங்கிலாந்தில் தோமஸ் ஹொப்ஸ் என்று ஒரு அறிஞர் இருந்தார். 1588இல், ஸ்பெயினின் கப்பற்படை வருகிறதென்று ஊரே கலங்கியிருந்த நேரம் பிறந்தவர். தாய் தன்னையும் பயத்தையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பெற்றாள் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். நாட்டுக்குள் நடந்த போரையும் கண்டவர். ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனிதர் அரசுக்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பது அவருடைய முடிவு. போரைக் கண்டவர் அப்படி நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. எந்த ஆசையையும் திருப்பிப் போட்டால் அது பயம்போலத் தெரியும். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதைக்கூட ‘பாசம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்’ என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வதால் கொஞ்சுவதைப் பற்றி நாங்கள் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை.

பயமே இல்லாத ஒருவர் எப்படி வாழ்வார் என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு பெண் இருக்கிறார். ஆய்வுகளில் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடுவார்கள். மூளையில் பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி, ஒரு அரிய நோயால் அவருக்கு இரண்டு பக்கமும் அழிந்துவிட்டது. 2011இல் வெளிவந்த ஆய்வில், பாம்பு விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார்கள். பயப்படவில்லை, ஆசையோடு கையில் வாங்கிப் பார்த்தார். ஒருமுறை கத்திமுனையில் மிரட்டப்பட்டும் அடுத்த நாள் அதே வழியால் நடந்து போயிருக்கிறார். ஆபத்தை உணராமல் ஆபத்துக்குள் போய்ப் போய் அவர் பட்ட துன்பம் கொஞ்சம் அல்ல. அதனால் பயம் வேண்டாத சாமான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர் காலையில் எழும்பினார், மூன்று பிள்ளைகளை வளர்த்தார், சிரித்தார். பயம்தான் மனிதருக்கு ஒரே எஞ்சின் என்றால் அவர் கட்டிலை விட்டே எழும்பியிருக்கக் கூடாது. (2013இல் இன்னொன்றும் தெரியவந்தது. காபனீரொட்சைட்டு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது அதே பெண் பதறிப்போனார். மூச்சு முட்டுகிற பயத்துக்கு உடம்பில் வேறு வழியும் இருக்கிறது.)

சரி, அமெரிக்காவை விடுவோம். 2009இல், போரின் கடைசிக் காலத்தில், நாங்கள் இருந்த பங்கரைச் சுற்றி, சேலையில் தைத்த மண்மூட்டைகள் அடுக்கியிருந்தோம். ஒரு செல் (எறிகணை) விழுந்து அடுத்தது விழுவதற்குள் ஒரு அம்மம்மா வெளியே ஏறிப்போனார். அடுப்பில் இருந்த கஞ்சிச் சட்டியைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வந்தார். கை நடுங்கி, பாதிக் கஞ்சி படியில் ஊற்றுப்பட்டுவிட்டது. “பொடியள் விடியத்திலயிருந்து ஒண்டும் தின்னேல்லை” என்று மட்டும் சொன்னார். பங்கருக்குள் அவரை இறக்கியது பயம். வெளியே ஏற்றியதை நீங்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்?

என் கருத்து இது. பயம் நிமிடக் கணக்கு வேலைக்கு வந்தது. செல் கூவினால் குப்புற விழு, புடையன் பாம்பைக் கண்டால் காலை எடு. அதில் அதை அடிக்க ஆள் இல்லை. அதையே வருடக் கணக்கில் வேலைக்கு வைத்தால், யாரைக் கட்டுவது, என்ன படிப்பது என்றெல்லாம் தீர்மானிக்க விட்டால், பிழையாகத்தான் தீர்மானிக்கும். கீழே வருகிற கேள்விகளில் பாதி அதுதான்.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: மகளுக்கு 7 வயது. சண்டை முடிந்து எத்தனையோ வருடம் கழித்துப் பிறந்தவள். இடி இடித்தாலும் திருவிழா வெடி கேட்டாலும் கட்டிலுக்குக் கீழே ஓடுகிறாள். அவள் எதைக் கண்டாள்?

தங்கச்சி, அவள் உங்களைக் கண்டாள். குற்றமாக எடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது வீதியில் லொறி ரயர் ஒன்று வெடித்தது. பிள்ளை நிமிரவே இல்லை, கொப்பியில் படம் கீறிக்கொண்டிருந்தது. ஆனால் தாயின் கை போய்ப் பிள்ளையின் தலையைக் கீழே அமத்திவிட்டது. அமத்தியது தாய்க்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் பிள்ளை அழுதது. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் வன்னி மக்களின் மனவடுவை ஆளாளாகப் பார்க்காமல் கூட்டாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியது இதனால்தான்.

பழகிய பயத்தைப் பழக்கியே மாற்றலாம். 1924இலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண் செய்து காட்டினார். முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சின்னப் பையனுக்கு விருப்பமான சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, முயல் கூட்டைத் தூரத்தில் வைத்தார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவினான். நீங்களும் அப்படிச் செய்யலாம். வெடிச் சத்தத்தைப் போனில் மெதுவாகப் போட்டு, அவளுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம், சத்தத்தைக் கூட்டச் சொல்லி அவளே கேட்கும் வரை பொறுங்கள். அந்த நேரம் உங்கள் கை மடியில் இருக்கட்டும். இது அவளுக்கு மட்டுமான பயிற்சி இல்லை. நூல் கட்டுவது, விபூதி போடுவது எல்லாம் உங்கள் மனதுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள், நான் மறிக்க மாட்டேன்.

ஒட்டுசுட்டான், ஒரு தகப்பன்: அடி இல்லாமல் பிள்ளை படிக்காது. என்னை அப்பா அடித்துத்தான் ஆளாக்கினார். நீங்கள் மறுக்க முடியுமா?

மறுக்கிறேன் அண்ணை. அடிக்குப் பயந்த பிள்ளை அடியிலிருந்து தப்பப் படிக்கும், பாடத்தை அல்ல. றிப்போட்டில் கையெழுத்தை மாற்றப் படிக்கும், பொய் சொல்லப் படிக்கும். 1953இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இருவர் பாடசாலை மாணவர்களுக்குப் பல் துலக்குவது பற்றி மூன்று விதமாகப் பேச்சு வைத்தார்கள். ஒன்றில் அழுகின பல், முரசு நோய் என்று மெத்தப் பயமுறுத்தினார்கள். இன்னொன்று நடுத்தரம், மற்றது மெதுவானது. கூடப் பயந்தவர்கள்தான் மிகக் குறைவாகத் திருந்தினார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. ஆனால், பயத்தோடு ‘இதைச் செய்தால் தப்பலாம், இது உன்னால் முடியும்’ என்பதும் சேர்ந்தால்தான் அது வேலை செய்கிறது என்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. பிரம்பு அந்த இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்காது. பாடசாலைகளிலும் உடல் தண்டனை கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டுவிட்டது. உங்களை ஆளாக்கியது அடியா, அல்லது அடித்த அதே அப்பா உங்களைச் சைக்கிளில் ஏற்றி எத்தனை கட்டை மிதித்தாரே, அதா? ஆறுதலாக யோசித்துப் பாருங்கள்.

இராமநாதபுரம், கமக்காரர்: இரணைமடுக் குளத்துத் தண்ணியில் நெல் மட்டும்தான் செய்கிறேன். பழத்தோட்டம் போட்டால் லாபம் என்று மகன் சொல்கிறான். நான் பயந்தாங்கொள்ளியாம்.

ஐயா, கிடைக்கிற சந்தோசத்தைவிட இழக்கிற வலி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனக்கும் என்பது கானமன், ட்வேர்ஸ்கி என்ற இருவர் 1979இல் தொடங்கி வைத்த ஆய்வில் வந்த கணக்கு. ஆகவே அந்தத் தயக்கம் எல்லா மனிதருக்கும் உள்ளதுதான். ஆனால் உங்கள் விசயத்தில் நான் அதைப் பயம் என்றே சொல்ல மாட்டேன். நகை அடைவில் இருக்க, ஒரு காலபோகம் அழிந்தால் வீடு என்னாகும் என்று நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். மகனுக்குக் கால் ஏக்கர் மட்டும் கொடுத்துப் பாருங்கள். அது போனாலும் அடுப்பு எரியும்.

பளை, ஒரு பெண்: முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனேன். எனக்குப் பயமே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு காலையும் வயிற்றைப் பிசையும். பிறகு ஏன் போனேன் என்று எனக்கே விளங்கவில்லை.

உங்கள் கேள்வியை மூன்று தரம் வாசித்தேன். உங்களோடு வேலை செய்த இன்னொருவர் எனக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நெஞ்சுக் கவசம், முகக் கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, ஒரு மீற்றர் அகலப் பாதையில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வழிப்பாராம். வியர்வை கண்ணுக்குள் இறங்கினால் துடைக்கக் கவசத்தைத் தூக்கக் கூடாது, எழும்பிப் பின்னால் போய்த்தான் துடைக்க வேண்டும். “பயம் இருக்கிறபடியால்தான் அக்கா எழும்பிப் போறன். பயம் இல்லாதவ அங்கேயே துடைப்பா” என்றார். சம்பளத்தில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினதை அதே மூச்சில் சொன்னார்.

உங்களை வேலைக்கு அனுப்பியது வேறு. வேலைக்குள் உங்கள் கையைக் கவனமாக வைத்திருந்தது பயம். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் இருக்கலாம். வயிறு பிசைந்ததற்காக வெட்கப்படாதீர்கள்.

மாங்குளம்: முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் ஏ-9இல் ஒரு வாகனமும் போவதில்லை. இது சாமிப் பயம்தானே?

சிலருக்கு அது பயமாக இருக்கலாம். எனக்கு அது இறங்கிக் காலை நீட்டி, கச்சான் வாங்கி, திரும்பி ஊருக்குள் வந்துவிட்டோம் என்று மூச்சுவிடுகிற இடம்.

செட்டிகுளம்: யாராவது பேப்பரும் பேனையுமாக வந்து பெயர் கேட்டால் நெஞ்சு இடிக்கும், வியர்க்கும். முகாமை விட்டு வந்து எத்தனை வருடம். இப்போது அரசின் நலன்புரி உதவிக்குப் பதியக்கூடப் போவதில்லை.

ஐயா, இதைப் பதகளிப்பு என்போம். பயத்துக்கு முன்னால் ஒரு பொருள் நிற்கும். பதகளிப்புக்கு முன்னால் எதுவும் நிற்பதில்லை, வரப்போவதாக உடம்பு நினைப்பதுதான். ஒரு காலத்தில் பெயர் கேட்பது ஆபத்தாக இருந்தது, உடம்பு அதைப் பிழையின்றிப் படித்துக்கொண்டது. உங்களுக்கு விசர் இல்லை. ஆனால் தானாகப் போகட்டும் என்று விடவும் வேண்டாம். உங்களுக்கு உரித்தானதை அது வருடக் கணக்கில் பறித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் 1926க்கு அழைத்துப் பேசிப் பாருங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம். பிறகு வவுனியா ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயும் பேப்பரில் பெயர் பதிவார்கள், வரிசையில் சத்தமாகக் கூப்பிடுவார்கள். அது உங்களுக்குக் கஷ்டம் என்று போனவுடனே தாதியிடம் சொல்லிவைக்கலாம். கிட்டே வந்து மெதுவாகக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். கூட வந்தவரே உங்கள் பெயரைச் சொல்லட்டும், முதல் நாள் அவ்வளவும் போதும்.